முந்தைய வாக்கியம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவரை இருட்டு நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். கண் பரிசோதிக்கும் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இவள் நடுவில் ஒரு தடவை, வில்லையை எடுப்பதுபோல எடுத்து, அதையே திரும்பச் செருகிவிட்டு, "இப்போ?" என்பாள். "ஆங், இப்பத்தான் பளிச்சுன்னு தெரியுது" என்பார்கள் பாதிப் பேர். அவள் சிரிக்க மாட்டாள். "சரி, மறுபடி முதல்லேர்ந்து பார்த்துடலாம்" என்பாள்.

கடைக்காரர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்ப்பார். "நீ கண்ணு பாக்குறியா, போலீஸ் விசாரணை பண்றியா?"

"கண்ணுதான் பொய் சொல்லுது, நான் என்ன பண்ண?" என்று பதில் வரும்.

இந்தக் குணம்தான் அவளுக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது. கடையில் அல்ல, வேறு ஓர் இடத்தில். தினமும் கடை முடிந்து வீட்டுக்கு வந்தபின் அவள் ஒரு தன்னார்வக் குழுவில் வேலை செய்தாள். பல ஊர்களில் இருப்பவர்கள், முகம் பார்த்துக்கொள்ளாதவர்கள், சேர்ந்து ஒரு செயலி செய்திருந்தார்கள். வாய் பேச முடியாமல் போனவர்களுக்கானது. டேப்லட்டின் திரையில் எழுத்துகளைத் தொட்டு வாக்கியம் கோத்து, கீழே இருக்கும் பச்சைப் பொத்தானைத் தட்டினால், அது உரக்கப் பேசும். இதே மாதிரிக் கருவியைக் கம்பெனிகளும் விற்கின்றன. அந்த விலையைக் கேட்டால் பேச்சு இருப்பவனுக்கே பேச்சு நின்றுவிடும். இது இலவசம்.

அவளுக்கு நிரல் எழுதத் தெரியாது. பயன்படுத்துகிறவர்களிடமிருந்து புகார் வந்தால், அதே கோளாறைத் தன் டேப்லட்டில் வரவழைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. கோளாறு கண்ணெதிரே வந்தால்தான் அதைத் திருத்த முடியும். "ஒரு தடவை அப்படி ஆச்சு" என்று யார் எழுதினாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "மறுபடி வந்துச்சா?" என்பது. அதனால் குழுவில் அவள் பெயர் மறுபடி அக்கா. குழுவைக் கட்டி மேய்த்தவரை மேஸ்திரி என்பார்கள். ஏதோ ஒரு தூரத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு எல்லாருடைய நிரலையும் சேர்த்துப் பூசி முடிப்பவர் அவர்.

குழுவில் ஒரு விதி இருந்தது. புகார் சொன்னவரைத் தவிர வேறு இரண்டு பேர் கோளாறைத் தங்கள் கருவியில் பார்க்க வேண்டும். யாருக்கும் வரவில்லை என்றால் 'மீண்டும் நிகழவில்லை' என்று எழுதிப் புகாரை மூடிவிட வேண்டும். அந்த விதியை வாதாடி வாங்கியவள் அவள்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒருவன் பாட்டிலில் தண்ணீரை அடைத்து மருந்தென்று விற்றான். யாரோ ஒரு பெண்ணுக்கு அதைக் குடித்த வாரமே குணமாகிவிட்டதாம். எந்தப் பெண், எந்தத் தெரு, பார்த்தது யார் என்று வீட்டில் கேட்டவள் இவள் ஒருத்திதான். கேட்டதற்கு அறையும் வாங்கினாள். அப்பா ஊசியை நிறுத்தினார். முதலில் கால் போயிற்று, பிறகு ஆளே போனார். தண்ணீர் விற்றவன் துக்கம் விசாரிக்க வந்து, "அவருக்கு நம்பிக்கை போதல" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போனான். உலகத்துப் பித்தலாட்டத்தில் முக்கால்வாசி, 'மறுபடி நடந்துச்சா' என்ற ஒரு கேள்விக்கு முன்னால் நிற்காது என்பது அவளுடைய உறுதியான எண்ணம். அது சரியான எண்ணம்தான். ஆனால் அந்தக் கேள்வியை ஏமாற்றுகிறவனிடம் கேட்பது வேறு, ஏமாந்தவனிடம் கேட்பது வேறு.

ஒரு பெண்ணிடமிருந்து புகார் வந்தது. "என் வீட்டுக்காரருக்கு நரம்பு நோய். பேச்சு போய் ரொம்ப நாளாச்சு. இப்ப ஒரு விரல் மட்டும் வேலை செய்யுது. உங்க செயலியிலதான் பேசுறார். சில நேரம் அவர் ஒண்ணு அடிக்கிறார், அது அதுக்கு முன்னாடி சொன்னதையே திரும்பச் சொல்லுது. எப்ப அப்படி வரும்னு சொல்ல முடியல. கொஞ்சம் பாருங்க."

அவள் பார்த்தாள். பிழை தேடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, டேப்லட்டை ஒரு வயரால் மடிக்கணினியோடு இணைத்தாள். அப்படி இணைத்தால் செயலி உள்ளே என்னென்ன செய்கிறது என்பது கணினித் திரையில் வரிவரியாக ஓடும். இணைக்காமல் தேடுவது, வலை இல்லாமல் மீன் பிடிக்கப் போவது மாதிரி. வந்தாலும் கையில் எதுவும் மிஞ்சாது. பல நாள் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அடித்ததையே அது பேசியது.

முன்னறையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த தங்கை சொன்னாள்: "அக்கா, 'தலைகாணியை நகர்த்து, தலைகாணியை நகர்த்து'ன்னு காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். நீயே எழுந்து போய் ஒரு தடவை நகர்த்திட்டு வந்துடேன்."

மேஸ்திரியிடம் போனில் பேசினாள்.

"என் மெஷின்ல வரலக்கா" என்றார் அவர்.

"என்னோடதுலயும் வரல."

"அந்த நோய்ல விரல் நடுங்கும்கா. பழைய வரியை அழிக்காம பச்சையைத் தட்டியிருப்பார். பாவம்தான். ஆனா நம்ம பக்கத்துத் தப்பு இல்ல."

'மீண்டும் நிகழவில்லை' என்று எழுதி அவள் புகாரை மூடினாள்.

அந்தப் பெண் மறுபடி எழுதினாள். கோபமே இல்லாமல் எழுதியிருந்ததுதான் மறுபடி அக்காவை உலுக்கியது.

"மூடிட்டீங்க. சரி. நடந்ததைச் சொல்லிடுறேன். இந்த நோய் முத்தினா மூச்சு நிக்கும். அப்ப தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வச்சு மெஷினோட இணைப்பாங்க. அது வேணுமான்னு டாக்டர் கேட்டார். இவர், 'வேண்டாம், நிக்கும்போது நிக்கட்டும்'னு அடிச்சார். அது, 'சரி, அப்படியே செய்யலாம்'னு சொல்லுச்சு. அது அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கட்டிலை உயர்த்தட்டுமான்னு நர்ஸ் கேட்டதுக்கு இவர் சொன்ன பதில். இவர் பதறிப்போய் மறுபடி அடிச்சார். அப்ப சரியா 'வேண்டாம்'னு வந்துச்சு. அடுத்த தடவை போனப்பவும் இதே கூத்து. இவர் முடிவு நிலையா இல்ல, நோய் மூளையைத் தொட்டிருக்கலாம்னு டாக்டர் எழுதிட்டார். இனிமே இவரைக் கேக்க மாட்டாங்களாம். இவர் அண்ணனைக் கேட்டுத்தான் செய்வாங்களாம். இவருக்கு மூளையில ஒண்ணும் இல்ல. விரலும் போறதுக்குள்ள, அவர் சொன்னது அவர் சொன்னதுதான்னு யாராவது நிரூபிச்சுக் குடுங்க."

பெண்டாட்டி பக்கத்தில் நிற்க, அண்ணனை ஏன் கேட்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் முதன்முதலாகச் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டவர் அண்ணன். பேனாவை அவரிடம்தான் நீட்டினார்கள். ஆண்கள் நிற்கும் இடத்தில் பேனா பெண் பக்கம் திரும்புவதில்லை. திரும்பாததைக் கவனிக்கிறவர்களும் இல்லை.

அவர்கள் வீடு அவள் ஊரிலேயேதான் இருந்தது. கடை விடுமுறை நாளில் மடிக்கணினியையும் வயரையும் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள்.

நோயாளி மைக் செட் கடை வைத்திருந்தவர். கூட்டமென்றால் அவருடைய ஒலிபெருக்கிதான். படுத்திருந்த அறையின் சுவரோரம் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்கள், மேலே போர்வை போட்டு மூடியிருந்தன. கட்டிலுக்குக் குறுக்காக ஒரு கம்பித் தாங்கியில் டேப்லட். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் தனி உயிர்போல நடுங்கிக்கொண்டே எழுத்துகளைத் தேடியது. அவர் அடித்து முடிக்கும்வரை மனைவி வாயைத் திறக்கவில்லை. வாக்கியத்தைப் பாதியில் ஊகித்து முடித்துவைக்காத அந்தப் பொறுமையை மறுபடி அக்கா வந்ததும் கவனித்தாள்.

டேப்லட் பேசியது: "ஊர்ல இருக்கிற தொண்டைக்கெல்லாம் மைக் குடுத்தவன் நான். எனக்கு வாய்ச்ச மைக்கைப் பாத்தீங்களாம்மா?"

"டேய், வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதே. அந்தம்மா வேலையைப் பாக்கட்டும்" என்றார் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன். ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு. தம்பியின் பாதத்தை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கொடியவர் இல்லை. கதை அத்தனை சுலபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா போனப்ப இவனுக்கு நடக்கக்கூடத் தெரியாதும்மா" என்றார் அவர், யாரும் கேட்காமலே. "நான் இடுப்புல வச்சு வளர்த்தவன். மூச்சு நின்னா நிக்கட்டும்னு இவன் சொல்வானா? மெஷின் சரின்னு சொல்லுச்சு. அதுதான் இவன் மனசு. அப்புறம் சொன்னதெல்லாம் வலியில சொல்றது."

"அதைத்தான் பாக்க வந்திருக்கேன், பெரியண்ணே."

பிளக் பாயிண்ட் கதவுப் பக்கம் இருந்தது. கட்டில்வரை சார்ஜர் வயர் எட்டாது. அதனால் அவர் தூங்கும்போது டேப்லட்டைக் கழற்றிக் கொண்டுபோய் சார்ஜ் போடுவார்கள். மறுபடி அக்கா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்து, தன் வயரால் டேப்லட்டை இணைத்தாள். "நீங்க எப்பவும் பேசுற மாதிரி பேசுங்கண்ணே" என்றாள்.

அவர் பேசினார். தண்ணீர் கேட்டார், மனைவியைக் கேலி செய்தார், அண்ணனின் தொப்பையைப் பற்றி ஒன்று சொன்னார், எதிர்வீட்டு நாய்க்கு மைக் வைத்தால் எப்படி இருக்கும் என்றார். அன்று முழுக்க அடித்த சொல் ஒன்றும் பிசகவில்லை. அடுத்த விடுமுறைக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். வயரை இணைத்து உட்கார்ந்தாள். கணினித் திரையில் வரிகள் ஒழுங்காக ஓடின. கோளாறு வரவே இல்லை.

கடைசி நாள் அண்ணன் எழுந்து நின்றார். "இதுக்கு மேல என்ன வேணும்? செஞ்சவங்க வீட்டு ஆளே வந்து உக்காந்து பார்த்தாச்சு. மெஷின்ல குறை இல்ல. நான் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்."

விரல் மெல்ல நகர்ந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களாம்மா?"

"பொய்னு சொல்லலண்ணே. நான் பாக்கலன்னுதான் சொல்றேன்."

விரல் மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை அதிக நேரம் ஆனது.

"இந்த வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் வயரைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

அண்ணன் சொன்னதைக் கேட்டு, அந்த வாரம் டாக்டரே கடைக்குப் போன் செய்தார். மரியாதையாகப் பேசினார். "கருவியில கோளாறு ஏதாவது இருக்கா? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாப் போதும்."

அவள் யோசித்தாள். இருக்கலாம் என்று மனம் சொன்னது. ஆனால் மனம் சொன்னதை நம்பித்தானே அப்பா போனார். பார்த்ததைச் சொல்வதுதான் நேர்மை. "நான் பார்த்தவரைக்கும் எதுவும் வரல, சார்" என்றாள்.

"நன்றிம்மா. அது போதும்."

போதாது. ஒரு வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்கிறவன் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 'பார்க்கவில்லை' என்று இவள் சொன்னாள். அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்திருந்தார். மருத்துவர் படித்தவர், சோதனை என்றால் என்னவென்று தெரிந்தவர். படுத்திருந்தவரிடம் வேறு வழியில் ஒரு தடவை கேட்டுப் பார்க்க ஏன் தோன்றவில்லை? ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதி, விரலால் காட்டிக்கொண்டே போய், சரியான எழுத்து வந்ததும் கண்ணை உயர்த்தச் சொல்லியிருக்கலாம். அதற்கு அறிவு வேண்டாம், நேரம்தான் வேண்டும். பணம் இல்லாதவர்களுக்கென்று எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத சரக்கு அதுதான்.

ஒரு காலை அவருக்கு மூச்சு முட்டியது. கண் செருகுவதற்கு முன் விரல் பச்சைப் பொத்தானைத் தேடியதாக மனைவி பிறகு சொன்னாள். ஆம்புலன்ஸில் டேப்லட்டை ஏற்ற யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். தொண்டையில் குழாய் வைத்தார்கள். அவர் பிழைத்தார். கண் விழித்தபோது விரல் நகரவில்லை.

"போட்டாச்சுக்கா" என்று அந்தப் பெண் ஒரு வரி அனுப்பியிருந்தாள். கடையில் யாரோ ஒருவரின் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு மறுபடி அக்கா அதைப் படித்தாள். அன்று யாரையும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டு அனுப்பினாள். கடைக்காரர் சந்தோஷப்பட்டார்.

அதற்குப் பிறகும் அவள் தேடுவதை விடவில்லை. கடைக்குப் போகும் பஸ்ஸிலும் டேப்லட்டை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே போனாள். அங்கே மடிக்கணினி கிடையாது, வயர் கிடையாது. பிடிப்பதற்காக அல்ல, சும்மா. வாய் முணுமுணுப்பது மாதிரி விரல் முணுமுணுத்தது.

ஒரு நாள் மழைச் சாரல். சார்ஜ் தீரும் தறுவாயில் திரையின் மூலை சிவந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். "ஜன்னலைச் சாத்துங்க" என்று அடித்துப் பச்சையைத் தட்டினாள். டேப்லட் பேசியது. அந்த அம்மாள் இவளுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது என்று நினைத்து, பரிதாபத்தோடு சாத்தினார். இவள் சங்கடப்பட்டு, "ரொம்ப நன்றி" என்று அடித்தாள். தட்டும் நேரத்தில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, விரல் பொத்தானில் இரண்டு தடவை பட்டது.

"ஜன்னலைச் சாத்துங்க" என்றது டேப்லட்.

"சாத்தியாச்சேம்மா. இன்னும் எவ்வளவுதான் சாத்துறது?" என்றார் அந்த அம்மாள்.

மறுபடி அக்கா குனிந்து பார்த்தாள். திரையில் 'ரொம்ப நன்றி' என்றுதான் இருந்தது. வேறொன்று அடித்து, வேண்டுமென்றே இரண்டு தடவை தட்டினாள். பழையதைச் சொன்னது. இன்னொன்று. மறுபடியும் பழையது. பக்கத்து அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது.

கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, மடிக்கணினியைத் திறந்து, வயரைச் செருகினாள். தட்டினாள். சரியாகப் பேசியது. இரண்டு தடவை தட்டினாலும் சரியாகவே பேசியது. வயரைப் பிடுங்கினாள். மறுபடி தட்டினாள். பழைய வாக்கியம்.

அப்போது புரிந்தது. சார்ஜ் குறைந்தால் டேப்லட் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. புதிய வாக்கியத்துக்குக் குரல் தயாராகக் கொஞ்சம் தாமதமாகிறது. அதற்குள் பொத்தானில் இரண்டாவது தடவை விரல் பட்டால், கையில் தயாராக இருக்கும் குரலை, அதாவது பழையதை, எடுத்துப் பேசிவிடுகிறது. நடுங்கும் விரல் ஒரு தடவை தட்டினாலும் இரண்டு தடவையாகத்தான் படும். சார்ஜரே எட்டாத கட்டிலில் கிடப்பவருக்குச் சார்ஜ் குறைந்துதான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் காத்திருந்தால் இன்னும் குறையும். பிழை தேடியவர்கள் எல்லாரும் மடிக்கணினியோடு வயர் இணைத்துத் தேடினார்கள். அந்த வயர் வழியாகவே டேப்லட்டுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கோளாறைப் பிடிப்பதற்காக நீட்டிய கையே அதை விரட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிலருகே அவள் வயரோடு உட்கார்ந்திருந்த மணி நேரங்களில் மட்டும்தான் அவர் பேச்சு முழுக்க அவர் பேச்சாக இருந்தது. அந்த மணி நேரங்களைத்தான் அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

தங்கை தையலை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தாள். "நானும் பார்த்துட்டேன். ரெண்டாவது ஆள் நான். இப்ப உங்க ரூல்படி அது நிஜமாயிடுச்சா?"

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தங்கை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மேஸ்திரி போனில் முழுவதையும் கேட்டார். "நாம எல்லாருமே வயரோடதானேக்கா பார்த்தோம்" என்றார்.

"ஆமா."

"ரெண்டு வரி மாத்தினாப் போதும். நாளைக்கே போட்டுடலாம்." கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு என்னக்கா ஆச்சு?"

"குழாய் வச்சாச்சு. விரல் போச்சு."

தூரத்தில் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. "நான்தானேக்கா விரல் நடுங்கும்னு சொன்னேன்" என்றார். "நடுங்கும்னு தெரிஞ்சும், அதை அவர் தப்புன்னு சொன்னேன்."

மூடிய புகாரைத் திறந்து, 'மீண்டும் நிகழவில்லை' என்பதை அழித்துவிட்டு, 'பார்க்கத் தெரியாமல் பார்த்தோம்' என்று அவள் எழுதினாள்.

பிறகு டாக்டரிடம் போனாள். சார்ஜ் தீரப்போகும் டேப்லட்டை அவர் மேஜையில் வைத்துச் செய்து காட்டினாள். அவர் தானே தட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்கதானே குறை இல்லன்னு சொன்னீங்க?"

"பாக்கலன்னு சொன்னேன். அதுவும் தப்புதான். தெரியலன்னு சொல்லியிருக்கணும். நீங்களும் அவரை வேற மாதிரி ஒரு தடவை கேட்டிருக்கணும், சார். கேட்டது கதவைத் திறக்கவா மூடவான்னு இல்ல. உசிரு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிலையில்லை என்று எழுதியிருந்ததை அடித்து, அன்றைய பதில் 'வேண்டாம்' என்பதே என்று எழுதிக் கையெழுத்திட்டார். "குழாயை எடுக்கிறதுன்னா அவர் சம்மதமும் வேணும், கையெழுத்துப் போட்ட அண்ணன் சம்மதமும் வேணும். பேசிப் பாருங்க" என்றார்.

அந்த வீட்டுக்கு அவள் போனது ஒரு மத்தியானம். அண்ணன் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அறையில் மூச்சு மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. டேப்லட் தாங்கியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார்கள். மனைவியின் கையில் ஓர் அட்டை, அதில் வரிசை வரிசையாக எழுத்துகள். அவள் விரலால் வரிசைகளைக் காட்டிக்கொண்டே போவாள். சரியான இடத்தில் அவர் கண்ணை மேலே உயர்த்துவார். அவளாகவே யோசித்துச் செய்தது.

மறுபடி அக்கா கட்டிலருகே உட்கார்ந்தாள். சார்ஜ், விரல் நடுக்கம், வயர், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள். கடைசியில், "நீங்க சொன்னது நீங்க சொன்னதுதான், அண்ணே. டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். பெரியண்ணன்கிட்டயும் சொல்லிடுறேன். அவர் சம்மதிச்சா..." என்றாள். முடிக்க வரவில்லை.

மனைவி குறுக்கிட்டாள். "நான் கேட்டுட்டேன்க்கா. இவர் விழிச்ச உடனேயே, எடுக்கச் சொல்லவான்னு கேட்டேன். இருக்கட்டும்னு சொல்லிட்டார்."

"ஏன்?"

மனைவி அட்டையை எடுத்தாள். விரல் வரிசை வரிசையாகப் போனது. மெஷின் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. எழுத்து எழுத்தாக வந்ததை அவள் சேர்த்துச் சொன்னாள்.

"அண்ணன் தாங்க மாட்டான்."

"நீங்க சொன்னதை, நீங்க சொன்னதே இல்லன்னு ஆக்கிட்டாங்க, அண்ணே. அது அவருக்குத் தெரிய வேண்டாமா? உண்மை தெரியாம..."

கண் மறுபடி அட்டையைத் தேடியது. இந்தத் தடவை வெகுநேரம் பிடித்தது. நடுவில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு மனைவி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"சொல்லாதீங்க."

மறுபடி அக்கா தன் வாழ்நாளில் யாருக்காகவும் உண்மையை மடித்து வைத்ததில்லை. அப்பா விஷயத்தில் வாங்கிய அறைக்குப் பிறகு, மடிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தவள். ஆனால் இந்த மனிதர் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறார். கேட்கும் இடத்தில் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"சரிண்ணே" என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் மருந்துப் பையோடு வந்தார். இளைத்திருந்தார். இவளைப் பார்த்ததும் நின்றார்.

"வாம்மா. என்ன இந்தப் பக்கம்?"

"செயலியில ஒரு கோளாறு இருந்துச்சு, பெரியண்ணே. கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டோம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. "கோளாறு இருந்துச்சா? அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரியில இவன்..."

மனைவி அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். படுத்திருந்தவரின் கண்கள் மறுபடி அக்காவின் மேலேயே இருந்தன.

"அன்னைக்கு நான் அங்க இல்ல, பெரியண்ணே. நான் பாக்கல."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு கேள்வி அவர் வாய்வரை வந்தது. அது என்னவென்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை. தம்பியின் தலைமாட்டுக்குப் போய், குழாயில் சேர்ந்திருந்த சளியை உறிஞ்சும் கருவியை எடுத்து, கை நடுங்காமல் சுத்தம் செய்யத் தொடங்கினார்.